உன் அப்பா கட்டிய ரப்பர் கட்டு

தம்பி,

மத்தியான பஸ்ஸில் நீ இரத்தினபுரிக்குப் போய்விட்டாய். கூலன்ட் ஒரு கேனும் ரேடியேட்டருக்குப் புது மூடியும் வாங்கிக்கொண்டு பொழுது சாய வந்துவிடுவேன் என்று சொன்னாய். ஒரே காம்பராவில், ஒரே அறையில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஒருத்தி உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. நான் அழுதால் நீ கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, சரிம்மா, அழுவாதீங்க" என்கிறாய். நேற்று நடந்தது அதுதான். பேப்பருக்கு முன்னால் எவ்வளவு அழுதாலும் பேப்பர் விட்டுக்கொடுக்காது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மெதுவாகப் படி.

நாளைக் காலையில் நீ எம்பிலிப்பிட்டியவில் வாழைக்காய் ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளைக்குப் போகப் போகிறாய். அப்பா போன பிறகு அந்த லொறிக்கு வந்திருக்கும் முதல் ஹயர், முதல் வாடகை ஓட்டம். அதே ஏற்றம். அவர் கடைசியாக லொறியை ஓரங்கட்டின அதே ரோடு. இந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் சந்தோஷம். பக்கத்துக் காம்பரா லெட்சுமி, "ஒங்க லொறி ஹோன் சத்தம் கேக்காம லயமே செத்துக் கெடக்கு அக்கா. தம்பி ஓட்டட்டும், விடுங்க" என்கிறாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே எனக்குப் பயம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் கை நிதானமாக நிற்க மாட்டேன் என்கிறது. போன கிழமை கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டது. நான் அப்படி மரத்தைக் காயப்படுத்துகிறவள் இல்லை. கணக்கப்பிள்ளை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பாவம் பார்த்துப் போனதில் இன்னும் பயந்துபோனேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நான் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

அப்பா எப்படிப் போனார் என்று நீ என்னிடம் முழுசாகக் கேட்டதில்லை. நீ கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது பெட்டி வாசலில் இருந்தது. அதற்குப் பிறகு கேட்க உனக்கு மனம் வரவில்லை, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். ஏற்றத்தில் லொறி சூடேறியிருக்கிறது. ஓரத்தில் நிறுத்தி, பின் சில்லுக்குக் கல் வைத்து, சூடு ஆறும் வரைக்கும் பொறுத்திருந்து, மூடியைத் திறந்திருக்கிறார். அதிலெல்லாம் அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. பிறகு கேனை எடுத்துக்கொண்டு பள்ளத்து ஓடைக்கு இறங்கித் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற ஒழுகியிருக்கிறது. மறுபடியும் இறங்கியிருக்கிறார். அந்த இடத்தில் சோளம் அவித்து விற்கிற சிங்கள அம்மா ஒருத்தி இருக்கிறாள். லொறியை எடுத்து வரப் போன அன்றைக்கு நானும் போனேன், அவள்தான் சொன்னாள். "மல்லி, டிக்கக் இந்தகன்ன" என்று சொன்னாளாம், தம்பி, கொஞ்சம் உட்காரு என்று. அவர் சிரித்துக்கொண்டே, லோட் வெயிலில் வாடிப்போகும் அக்கே என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் இறங்கியிருக்கிறார். அடுத்தமுறை மேலே ஏறி வந்ததும் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார், கேனைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்றாள். இளைப்பாறுகிறார் என்று நினைத்து அவள் ஒரு சோளத்தை எடுத்துக்கொண்டு போய் நீட்டியிருக்கிறாள்.

டாக்டர் இருதயம் என்றார். டாக்டருக்குத் தெரிந்தது இருதயம். எனக்குத் தெரிந்தது அந்தக் கேன். சோளக்கார அம்மா அதைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்திருந்தாள். என் கையில் கொடுக்கும்போது விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். நேற்று நீ அந்தக் கேனைத்தான் லொறியெல்லாம் தேடினாய். எங்கே என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். அது அடுப்புக்குப் பின்னால் விறகுக்கு அடியில் இருந்தது. நீ கையில் கேனோடு நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்றைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ விடிந்ததும் லொறிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துவிட்டு, எந்த இடத்தில் சொட்டுகிறது என்று படுத்துப் பார்த்தாய். உன் கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தது. நான் தேத்தண்ணியோடு வந்து அந்தக் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். உன் அப்பாவின் கால் மாதிரியே இருந்தது, குதிகால் வெடிப்பு உட்பட. "என்னம்மா சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாய். "தேத்தண்ணி ஆறுது" என்றேன். பிறகு நீ கேட்டாய் என்று அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொண்டுவந்தேன். குழாய், மூட்டு, கிளிப் எல்லாவற்றையும் துணியால் ஈரம் போகத் துடைத்து, சாம்பலைத் தூவி, இன்ஜினை ஓடவிட்டாய். தண்ணீர் கசிகிற இடத்தில் சாம்பல் கறுத்து வரும் என்றாய். ரேடியேட்டர் அடியில் சாம்பல் வெள்ளையாகவே இருந்தது. பம்ப் பக்கத்திலும் வெள்ளை. மேலே, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வருகிற அந்தப் பெரிய ஹோஸ் குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லக் கறுத்தது. அப்பா கட்டி வைத்த ரப்பர் கட்டுக்குக் கீழே.

நம் தோட்டத்தில் ஓட்டை என்றால் ரப்பர் பால்தானே தம்பி. வாளி ஒழுகினாலும் ரப்பர் பால், செருப்பு கிழிந்தாலும் ரப்பர் பால், கூரைத் தகரத்துக்கும் அதுதான். குழாயில் வெடிப்பு விழுந்தபோது அவரும் அதைத்தான் செய்தார். நான் மலையிலிருந்து இறங்குகிற வழியில் வந்து நின்று, "ஒரு செரட்டை பால் ஊத்து புள்ள, கணக்கப்பிள்ளைக்குக் காது கேக்காது" என்றார். "கண்ணு தெரியுமே" என்றேன். "கண்ணுக்குத்தான் ஒன்னய காட்டிட்டு நான் போயிருவேன்" என்றார். என் வாளியிலிருந்து நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் சீலைத் துணியைக் கிழித்துச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று பாலைத் தடவிக் காயவிட்டு, மேலே, மரத்தில் காய்ந்து நிற்கிற ஒட்டுப்பாலை இழுத்து இழுத்து வரிந்து கட்டினார். கடைசி நுனி பிரியாமல் இருக்க வலது பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பாரு, இனி ஆனை மிதிச்சாலும் ஒழுகாது" என்றார். அந்தப் பெருவிரல் அப்படியே பதிந்து காய்ந்துவிட்டது. ரேகை, நகத்தின் விளிம்பு, சின்ன வயதில் கத்தி இறங்கின அந்தக் குறுக்குத் தழும்பு, எல்லாம் இருக்கிறது. அவர் போன பிறகு நான் அதைத் தற்செயலாகத்தான் கண்டேன். லொறியைத் துடைக்கப் போய்க் கண்டேன். பிறகு தினமும் போனேன். என் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பேன். என் விரல் சின்னது, சுற்றி இடம் மிஞ்சும்.

அந்த விரல் பதிவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் குணே பாஸ் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தபோது எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், அப்பாவுக்கு இத்தனை வருஷக் கூட்டாளி, கீழே கிராமத்தில் கராஜ் வைத்திருக்கிற மனுஷன், கூப்பிடாமலே உதவிக்கு வந்தார். "அக்கே, இது ரப்பர் கட்டு. வாசல்ல நிக்க வச்சா நல்லா நிக்கும். மலையில நிக்குமான்னு மலைகிட்டத்தான் கேக்கணும்" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, "மல்லி, இத வெட்டு. புது ஹோஸ் ஒண்ணு போடு. வேற கதை இல்ல" என்றார். நீ கத்தியை எடுத்தாய். நான், "அதத் தொடாத" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "ஒழுகுறதே அதுதாம்மா" என்றாய். நான் மறுபடி, "தொடாதன்னு சொல்றேன்ல" என்று கத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். லெட்சுமி ஓடி வந்துவிட்டாள். பாஸுக்குக் கைகால் ஓடவில்லை. "ஹரி ஹரி, சரி சரி, அக்கே அழ வேணாம், வெட்ட இல்ல" என்றார்.

நீ கத்தியை மடக்கினாய். "சரிம்மா, சரிம்மா" என்றாய். கட்டுக்கு மேலேயே இரண்டு கிளிப்பைப் போட்டு இறுக்கினாய், சைக்கிள் டியூப்பைக் கிழித்து இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாய். பெருவிரல் பதிந்த இடத்தை மட்டும் எப்படியோ மூடாமல் விட்டாய். நான் சொல்லாமலே நீ கண்டுகொண்டாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்ஜினை ஓடவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கிற வரைக்கும் எல்லாரும் சுற்றி நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை. பேப்பர் காய்ந்தபடியே கிடந்தது. லெட்சுமி கை தட்டினாள். பாஸ் மட்டும் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். எந்த வீட்டிலும் கோப்பை கழுவுகிற ஆள் அவர் கிடையாது.

நீ இன்று கூலன்ட் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. நம் லொறியில் ஏன் வெறும் ஓடைத் தண்ணீரே ஓடியது என்று நீ அப்பாவைக் கேட்டிருக்கிறாய். அவர், "லொறிக்கு எதுக்குடா சர்பத்து" என்று சிரித்து மழுப்பிவிட்டார். நடந்தது இதுதான். லொறி வந்த புதிதில் அவரும் கூலன்ட்தான் ஊற்றினார். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வாசல் படியில் வைத்திருந்தார். பச்சை நிறம், பார்க்க அவ்வளவு அழகு. நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாய். நான் திரும்பிப் பார்க்கும்போது போத்தலை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்திருக்கிறாய். உதடு முழுக்க ஈரம். அது விஷம், ஆனால் இனிக்கும், பிள்ளைகள் துப்பாது என்று அப்பாவுக்குத் தெரியும். உன்னைத் தூக்கிக்கொண்டு அவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினதை இன்றைக்கும் என் கண்ணால் பார்க்கிறேன். ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளே போகவில்லை, உதட்டோடு நின்றுவிட்டது என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து ரேடியேட்டரில் இருந்ததை முழுக்கத் திறந்துவிட்டு, தூரத்தில் குழி தோண்டி மூடினார். அதற்குப் பிறகு அந்தப் பச்சைத் தண்ணீர் நம் வாசலுக்கு வரவே இல்லை. நீ பெரியவனாகிக் கொழும்பில் லொறிக் கராஜில் வேலைக்குப் போன பிறகும் வரவில்லை.

வெறும் தண்ணீர் உள்ளே துருப் பிடிக்க வைக்கும், அந்தத் துரு அடைத்துச் சூட்டை ஏற்றும், சூட்டில் குழாய் வெடிக்கும் என்று நேற்று நீ பாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சாம்பல் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டேன். அப்படியென்றால் உனக்குப் பயந்து அவர் செய்த காரியம்தான் அந்தக் குழாயைத் தின்றிருக்கிறது. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அந்தப் போத்தலை உன் வாயில் பார்த்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் நேற்று அழுததும் அதே சாதிக் காரியம் என்று இன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

நீ பஸ் ஏறின பிறகு நான் லொறிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். நாளைக்கு நீ கொண்டுபோவதற்குள் அந்த விரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. மேல்பக்கம் விரல் இருக்கிறது, கெட்டியாக, தெளிவாக. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நீ சுற்றின டியூப்புக்கு ஓரத்தில் பழைய கட்டு வெளியே தெரிகிறது. அங்கே ரப்பர் நீண்டு தொங்கியிருக்கிறது. மெழுகு வழிந்து நின்ற மாதிரி. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற அறையில் நான் எத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறேன். நெருப்பு மிஞ்சிப் போன அன்றைக்கு ஷீட் எல்லாம் இப்படித்தான் நீண்டு, கழியிலிருந்து வழுவி விழுந்து கிடக்கும். குளிரில் தொட்டால் தோல் மாதிரிக் கெட்டியாக இருப்பது, சூட்டில் சவ்வாகிவிடும். காயவைத்த பாலுக்கு அதுதான் குணம். அது எனக்குத் தெரியும். நேற்றும் தெரியும். நேற்று எனக்கு விரல் மட்டும்தான் தெரிந்தது.

அந்தத் தொங்கல் நேற்று உன் வாசல் ஓட்டத்தில் வந்தது இல்லை தம்பி. அவ்வளவு சூடு நேற்று ஏறவே இல்லை. அது அன்றைக்கு, அந்த ஏற்றத்தில் வந்தது. கட்டு அங்கே இளகிவிட்டது. அதனால்தான் அவர் ஊற்ற ஊற்ற ஒழுகியது. அதனால்தான் திரும்பத் திரும்பப் பள்ளத்தில் இறங்கினார். நான் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் கட்டுதான் அவரை ஓடைக்கு அனுப்பியது. அதே கட்டை, அதே ஏற்றத்துக்கு, உன் சீட்டுக்கு அடியில் வைத்து நாளைக்கு அனுப்பப் பார்த்தேன். இன்ஜின் உன் சீட்டுக்கு அடியில்தானே இருக்கிறது. குழாய் பிய்த்துக்கொண்டால் கொதிக்கிற தண்ணீர் எங்கே வரும் என்று யோசித்தேன். இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது என்று அப்பா ஒருமுறை சொன்னதை யோசித்தேன். லோடோடு லொறி பின்னால் உருளுவதை யோசித்தேன். யோசிக்க யோசிக்க எழும்ப முடியாமல் அப்படியே தரையில் இருந்தேன். லெட்சுமியின் கோழி வந்து என் சீலையைக் கொத்தியது, அதைக்கூட விரட்டவில்லை.

அதனால் இதை உனக்குச் சொல்லி வைக்கிறேன், நீ கேட்டுக்கொள். நான் அழுகிறேன் என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்யாமல் விடாதே. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், அவள் அழுதாலும் இதுதான். பக்கத்தில் உட்கார், அழுது முடிக்கட்டும், பிறகு வெட்ட வேண்டியதை வெட்டு. ஏற்றத்தில் சூட்டு ஊசி ஏறினால் நிறுத்து. லோட் வாடினால் வாடட்டும், வாழைக்காய்தானே. சூடு ஆறாமல் மூடியைத் திறக்காதே. யாராவது உன்னைப் பார்த்துக் கொஞ்சம் உட்காரு என்று சொன்னால், அவள் யாராக இருந்தாலும், உட்கார். அந்தச் சோளக்கார அம்மா அங்கேதான் இருப்பாள். நீ யார் என்று சொல்லு. அவள் கொடுக்கிற சோளத்தை வாங்கித் தின்னு. உனக்குப் பயமாக இருந்தால் எனக்குப் போன் எடுத்துப் பயமாக இருக்கிறது என்று சொல்லு. உன் அப்பா ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் பயந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அந்தப் போத்தல் நாளைத் தவிர.

இதை எழுதிவிட்டு உன் தலையணைக்கு அடியில் வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் நீ படித்துவிட்டு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மா மனசு தாங்காது, இருக்கட்டும், ஒரு ஹயர்தானே, போய் வந்து மாற்றலாம் என்று நினைப்பாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதனால் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

போய்விட்டு வந்து இப்போது எழுதுகிறேன். மூடியைத் துணி போட்டுத் திறந்தேன், இன்ஜின் குளிர்ந்துதான் இருந்தது. அடிக் குழாயில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரைப் பேசின் சட்டியில் பிடித்தேன். பிளேன்டீ நிறத்தில் வந்தது. நீ இறுக்கின கிளிப் இரண்டையும் அப்பாவின் திருப்புளியால் கழற்றினேன். குழாய் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. பால் வெட்டுகிற கத்தியை எடுத்து, விரல் இருக்கிற பக்கம் படாமல், முனைகளில் மட்டும் கீறினேன். இன்றைக்குக் கை நடுங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஒரு சத்தத்தோடு கழன்று என் மடியில் விழுந்தது. லெட்சுமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, தம்பிக்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். "அவன் என் பேச்சக் கேட்டதுதான் தப்பாப் போச்சு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. சட்டியைத் தூக்கப் பிடி என்றதும் பிடித்தாள்.

பிறகு உனக்குப் போன் எடுத்தேன். நான் பேசியது உனக்கே தெரியும், இருந்தாலும் நான் கேட்டதை எழுதுகிறேன். "மேல் ஹோஸ் குழாய் ஒண்ணும் சேத்து வாங்கிட்டு வா தம்பி" என்றேன். "எதுக்கும்மா, அதான் கட்டியாச்சே?" என்றாய். "வெட்டிட்டேன்" என்றேன். பஸ் சத்தமும் கடைச் சத்தமும் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்பா கட்டுனதையா?" என்றாய். "ஆமா." "அழுவுறீங்களாம்மா?" "இல்ல. கையெல்லாம் துருத் தண்ணி, கண்ணத் தொட ஏலாது" என்றேன். நீ சிரித்தாயா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம் கடைக்காரரிடம் கேட்டாய். அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. "இந்தப் பழைய லொறிக்குப் பல அளவு ஈக்கிது தம்பி. சாம்பிள் இல்லாம தந்தா அளவு பிழைச்சிடும், அதுக்குப் பொறகு என்னத்தான் ஏசுவீங்க. பழைய ஹோஸைக் கொணாந்து காட்டுங்க." நீ, "நான் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போனா கடை பூட்டிருவாங்கம்மா" என்றாய். "நீ அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன்.

லொறியை எடுத்து வந்த நாளிலிருந்து நான் டவுனுக்கு இறங்கவில்லை. அந்த ரோட்டைப் பார்க்கவே எனக்கு முடியாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இப்போது சீலை மாற்றிவிட்டேன். மேல் டிவிசனில் பஸ் ஹோன் அடிக்கிறது கேட்கிறது, இறங்கி வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அடுப்புக்குப் பின்னால் இருந்த கேனை எடுத்து, பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடி இறுக்கி, லொறிக்குள் வைத்துவிட்டேன். நாளைக்கு எது நடந்தாலும் நீ ஓடைக்கு இறங்கக் கூடாது, தண்ணீர் கூடவே இருக்கட்டும். எனக்குப் பயம் போய்விடவில்லை தம்பி. நீ ஹப்புத்தளையில் லோடை இறக்கிவிட்டேன் என்று போனில் சொல்லும்வரை சோறு இறங்காது. ஆனால் அந்தக் கட்டு இளகிவிடுமே என்ற பயம் மட்டும் இனி இல்லை. அதை மடியில் வைத்திருக்கிறேன்.

இனிக் குழாயைப் பேப்பரில் சுற்றிப் பையில் போடப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் அதோடு கட்டி, கடை வாசலில் உன் கையில் தருவேன். அங்கே நான் ஒன்றும் பேச மாட்டேன், பேசினால் அழுதுவிடுவேன். நீ கடிதத்தைப் பையில் வை, பஸ்ஸில் திரும்பும்போது படி. முதலில் குழாயைக் கொடுத்து அளவு பார்க்கச் சொல்லு. பார்த்து முடிந்ததும் மறக்காமல் கேட்டுத் திருப்பி வாங்கிக்கொள், பழசுதானே என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். லொறிக்கு அது இனி வேண்டாம். எனக்கு வேண்டும்.

அம்மா